ஒன்றாம் நம்பர் அறை

தென்காசிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், பஸ் நிலையத்துக்கு எதிரே, கல்யாணப் பத்திரிகை உறைகளில் முகவரி அச்சடித்துக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகத்துக்குள் ஒரு மேன்ஷன் இருந்தது.

மேன்ஷனில் அறுநூற்று நாற்பது அறைகள். அந்தக் காலத்துக்கு அது அரண்மனை. இவ்வளவு அறைக்கு ஆள் எங்கிருந்து வரப்போகிறது என்று கட்டியவர்கள் நினைத்தார்கள். கட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மேன்ஷனுக்கு ஒரு மேனேஜர். முன்னால் மேசை, முதுகுக்குப் பின்னால் சாவிப் பலகை. அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் இரண்டு. "இருக்கு", "இல்ல". யார் வந்து அறை கேட்டாலும் பலகையைத் திரும்பிப் பார்ப்பார். சாவி தொங்கினால் எடுத்து நீட்டுவார். என்ன வேலையாக வந்தீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள் என்றெல்லாம் கேட்க மாட்டார். காலி செய்கிறவர் சாவியைக் கொடுத்தால் வாங்கி மாட்டுவார். கொடுக்காமல் போனால் அந்த அறை பூட்டியே கிடக்கும். அதைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை.

கடைக்காரர் திருமலைக்கொழுந்து, பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் தானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். தட்டச்சு செய்கிற ஒவ்வொரு பெயரையும் அது மேன்ஷனில் ஓர் அறையில் தங்கவைக்கும். முதல் பெயரின் கையில் இரண்டாம் பெயரின் அறைச்சாவி. இரண்டாம் பெயரின் கையில் மூன்றாமவரின் சாவி. கடைசிப் பெயரின் கையில் சாவி இல்லாத வெறும் வளையம். எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அதற்குப் பொருள். அச்சடிக்கும் நேரத்தில் முதல் ஆளை எழுப்பினால் போதும், ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு வரிசையாக வந்து உறையில் ஏறிவிடுவார்கள். வெறும் வளையத்தைக் கண்டதும் பிரிண்டர் நின்றுவிடும்.

புரோகிராமில் வேலைக்கு மூன்று பேர் இருந்தார்கள். ட்ரை, எக்செப்ட், ஃபைனலி. மூன்றும் அந்த மொழியின் கட்டளைச் சொற்கள்.

ட்ரைக்கு எல்லாம் முடியும். எதைக் கேட்டாலும், "பாத்துருவோம்" என்பான்.

ஃபைனலி கையில் எப்போதும் துடைப்பம். வேலை நன்றாக முடிந்தாலும் சரி, நடுவில் நாறிப்போனாலும் சரி, கடைசியில் அவள் வருவாள், அறை அறையாகக் கூட்டுவாள், சாவிகளைப் பிடுங்கி மேனேஜரிடம் கொடுப்பாள். "நீங்க என்னத்தையும் செஞ்சுட்டுப் போங்க, கூட்டப் போறது நான்தான்" என்பது அவளுடைய ஒரே தத்துவம்.

எக்செப்ட் வாசலில் நிற்பவர். ஏதாவது கோளாறு நடந்து யாராவது கூவிக்கொண்டு ஓடிவந்தால், அவரைப் பிடித்து, என்ன விஷயம் என்று கேட்டு, ஜன்னல் வழியாகக் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அவரை வேலைக்கு வைத்த அன்று கடைக்காரருக்கு அவசரம். பிடித்த பிறகு என்ன செய்வது என்று எழுதாமல், எக்செப்ட்டின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டுப் போனார். அட்டையில் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தது.

இரண்டு வருஷமாக அந்த அட்டை அங்கேயே தொங்கியது. பிடித்த ஆளை எவ்வளவு நேரம்தான் கையில் வைத்திருப்பது? எக்செப்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். பிடித்தார், வாயில் போட்டார், விழுங்கினார். கூவியவரும் இல்லை, கோளாறும் இல்லை. மேன்ஷனில் எந்நேரமும் அமைதி. அமைதியைக் காப்பவர் என்று எக்செப்ட்டுக்கு நல்ல பெயரும் தொப்பையும் ஏற்பட்டன.

கூவுவதற்கென்று சிலர் இருந்தார்கள். ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் கூவ ஒருவர். கோப்பு காணாமல் போனால் கூவ ஒருவர். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தால் கூவ ஒருவர். எல்லோரும் வெளியூர்க்காரர்கள். கோளாறு நடந்தால் வருவார்கள், மேனேஜரிடம் ஓர் அறை வாங்குவார்கள், யூனிபார்ம் மாட்டிக்கொண்டு வந்து கூவுவார்கள். யூனிபார்ம் இல்லாமல் எவ்வளவு கத்தினாலும் அங்கே செல்லாது. அது சட்டம்.

ஒருவர் மட்டும் உள்ளேயே குடியிருந்தார். ஒன்றாம் நம்பர் அறை அவருக்கு. கதவு திறந்த முதல் நாளே அவர் பேரில் எழுதிவிட்டார்கள். அவர் வேலை ஒன்றே ஒன்று. எல்லா அறைகளும் நிரம்பிவிட்டால் வாசலுக்கு வந்து "இடமில்லை" என்று கூவ வேண்டும். அதனால் அவருக்கு இடமில்லை அண்ணாச்சி என்றே பெயர்.

அறைகள் ஒருநாளும் நிரம்பியதில்லை. அண்ணாச்சி காலையில் யூனிபார்மைத் தேய்த்து ஆணியில் மாட்டுவார். பிறகு பனியனோடு மல்லாந்து படுத்துவிடுவார்.

"என்ன வேலைவே பாக்கீரு?" என்று ட்ரை ஒருநாள் கேட்டான்.

"இடம் இருக்கு. அதான் சும்மா கெடக்கேன்."

"இடம் இருக்கறதுக்கு நீரு எதுக்கு?"

"இல்லாதப்பம்தான் நான்" என்று அண்ணாச்சி திரும்பிப் படுத்தார்.

இந்த நிலையில் மேன்ஷனுக்கு இரண்டு யானைகள் வந்து சேர்ந்தன.

ஆவுடையப்பன் என்பவர் மகள் கல்யாணத்துக்கு உறை அச்சடிக்க வந்திருந்தார். உறையின் இரண்டு பக்கமும் மாலை தூக்கிய யானை வேண்டும் என்றார். திருமலைக்கொழுந்து யானைகளை மேன்ஷனுக்குள் அனுப்பினார். இருநூறு அறைகளை அடைத்துக்கொண்டு அவை படுத்தன. புரோகிராமும் அதன் சாமான்களும் நாற்பது அறைகளில் இருந்தன; மீதியைப் பெயர்களுக்கு எடுத்துவைத்திருந்தார்கள். அப்படியும் இடது யானையின் துதிக்கை நுனி வெளியே தொங்கியது.

மாதிரி உறையைப் பார்த்து ஆவுடையப்பன் முகம் சுளித்தார். "என்ன கொழுந்து, யானைக்கு மூக்கு நுனியக் காணும்?"

"பெயருக்கு எடுத்து வச்சதுபோக இடம் பத்தல அண்ணாச்சி."

"மூக்கறுந்த யானையப் போட்டு அனுப்புனா சம்பந்தி வீட்ல என்ன நெனைப்பாங்க? பாத்துச் செய்யும்."

திருமலைக்கொழுந்து புரோகிராமை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே ஒரு வரி கண்ணில் பட்டது. யாரோ ஒருவருக்கு எப்போதும் ஓர் அறையை ஒதுக்கி வைக்கிற வரி. எதற்காக எழுதினோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. அந்த ஆள் இதுவரை ஒரு வேலையும் பார்த்ததாகத் தெரியவில்லை. வரியை அழித்தார்.

வெளியே ஒரு வரி அழிய ஒரு விநாடி ஆகும். உள்ளே அதற்கு ஒரு கூட்டம் போட வேண்டும்.

கூட்டத்துக்கு இடது யானை தலைமை தாங்கியது. "மத்த கூவுறவங்க எல்லாரும் எப்படி இருக்காங்க? கோளாறு வந்தா வர்றாங்க, ரூம் எடுக்கறாங்க, கூவுறாங்க, போறாங்க. எவ்வளவு ஒழுங்கு! இவரு மட்டும் வருஷம் பூரா ஒரு ரூமப் பிடிச்சுக்கிட்டு ஒறங்குதாரு. என் மூக்கு வெயில்ல காயுது."

"ஞாயமான பேச்சு" என்றார் எக்செப்ட்.

"அண்ணாச்சியும் அதே மாதிரி இருக்கலாம்லா?" என்றான் ட்ரை. "வெளிய இருக்கட்டும். எல்லா ரூமும் நெறஞ்ச ஒடனே வரட்டும். ஒரு ரூம் எடுக்கட்டும். யூனிபார்ம் போடட்டும். கூவட்டும்."

கூட்டம் கைதட்டியது. இதைவிடச் சிக்கனமான யோசனையை அந்த மேன்ஷன் கேட்டதில்லை.

அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். "எல்லா ரூமும் நெறஞ்ச பெறகு நான் எந்த ரூமுக்கு வருவேன்?"

மேனேஜர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் நிறைய சாவிகள் தொங்கின. "இருக்கு" என்றார்.

"பாத்தீரா? மேனேஜரே சொல்லிட்டாரு" என்றது யானை.

"அது இன்னைக்கு இருக்கு" என்றார் அண்ணாச்சி.

"எதுக்கெடுத்தாலும் இல்ல இல்லன்னு சொல்லுத ஆளு வே நீரு" என்றார் எக்செப்ட். "ஒரு கல்யாண வேல நடக்குத எடத்துல இப்படியா பேசுவாங்க? அப்படியே ஏதும் ஆனாலும் நான் இருக்கேம்லா, பிடிச்சுக்கிடுதேன்."

ஃபைனலி மட்டும் துடைப்பத்தை ஊன்றி நின்றுகொண்டு, "நீங்க என்னத்தையும் செஞ்சுட்டுப் போங்க" என்றாள்.

அண்ணாச்சி யூனிபார்மை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பனியனோடு தெருவில் போய் நின்றார். ஒன்றாம் நம்பர் அறையில் யானையின் மூக்கு நுனி சுகமாகச் சுருண்டு படுத்தது.

பெயர்கள் வரத் தொடங்கின. சம்பந்தி வீட்டார், சித்தப்பா பெரியப்பா மக்கள், பஞ்சாயத்துத் தலைவர், பால்காரர், ஆவுடையப்பனோடு பள்ளிக்கூடத்தில் படித்து இப்போது பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் உட்பட எல்லோரும் வந்தார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது பெயருக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு மேனேஜர் பலகையைப் பார்த்தார். ஒற்றைச் சாவிகூட இல்லை, ஆணிகள் மட்டும்தான் இருந்தன.

அந்த நேரத்தில்தான் ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாள் கடைக்கு வந்தார். காலை பதினோரு மணி. குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, "இன்னும் ஒரு பேரு இருக்கு தம்பி" என்றார்.

"ஆவுடையப்பன் அண்ணாச்சி குடுத்த லிஸ்ட் முடிஞ்சிட்டேம்மா."

"அவுக லிஸ்ட் முடிஞ்சிட்டு. இது என் லிஸ்ட்டு. போடுங்க. கோமதிநாயகம். தூத்துக்குடி."

கோமதிநாயகம் அவருடைய தம்பி. கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். ஏழு வருஷமாக அக்கா வீட்டு வாசலை மிதிக்காதவர்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக் கடைக்குட்டிக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தினார்கள். குத்தி முடிந்ததும் பந்தி. கோமதிநாயகம் பந்திக்குப் போனபோது இலைகள் நிரம்பிவிட்டன. அவர் வரிசைக் கடைசியில் நின்றார். பரிமாறுகிறவர்கள் அவரைச் சுற்றிப் போனார்கள், வந்தார்கள். மச்சானும் பார்த்தார், அக்காவும் பார்த்தார். 'தாய்மாமனைப் பார்த்து இடமில்லை என்று எப்படிச் சொல்வது' என்று ஒவ்வொருவரும் நினைத்து, ஒவ்வொருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அரைமணி நேரம் நின்றார். பிறகு சாப்பிடாத கையைக் கழுவிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

"ஒருத்தராவது வாயத் தொறந்து எடம் இல்ல, அடுத்த பந்தின்னு சொல்லிருந்தா நாற்காலியில ஒக்காந்திருப்பேன்" என்று யாரிடமோ சொல்லி அனுப்பினார். அதற்கும் பதில் போகவில்லை.

"நாளைக்கு நானே தாம்பாளத்தோட போறேன்" என்றார் உலகம்மாள். "கவர்ல அவன் பேரும் மத்தவங்க பேரு மாதிரி அச்சுல இருக்கணும். கையால எழுதுனா கடேசி நேரத்துல நெனைச்சுப் போட்டதும்பான். இந்தத் தடவையும் தப்பாப் போச்சுன்னா, பெறகு எனக்குப் பொறந்த வீடே கெடையாது."

திருமலைக்கொழுந்து கோமதிநாயகம் என்று தட்டினார்.

உள்ளே நானூறாவது ஆளாகக் கோமதிநாயகத்தின் பெயர் மேனேஜர் மேசை முன்னால் வந்து நின்றது.

மேனேஜர் பலகையைப் பார்த்தார். "இல்ல."

சட்டப்படி இப்போது ஆள் அனுப்பி அண்ணாச்சியைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டார்கள். அண்ணாச்சி தெருவிலிருந்து யூனிபார்மோடு ஓடிவந்தார்.

"ஒரு ரூம் குடும், சட்ட மாட்டணும்."

"இல்ல."

"இல்லன்னு சொல்லத்தான் சட்ட மாட்டணும்."

"இல்ல."

"மறுபடி கேளுங்க அண்ணாச்சி, பாத்துருவோம்" என்றான் ட்ரை. மறுபடி கேட்டார்கள். இல்லை. மூன்றாவது முறையும் கேட்டார்கள். மேனேஜர் ஒவ்வொரு முறையும் பலகையை முழுதாகத் திரும்பிப் பார்த்துத்தான் சொன்னார். அவர் கடமை தவறாதவர்.

"அந்த மூக்கக் கொஞ்சம் நகத்தச் சொல்லுங்க" என்று அண்ணாச்சி ஒன்றாம் நம்பர் கதவைத் தட்டினார்.

"சுருள் போட்டாச்சு" என்று உள்ளேயிருந்து யானை சொன்னது. "இப்பம் எடுத்தா மாலை விழுந்துரும்."

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. நடு வழியிலேயே யூனிபார்மைத் தலையில் மாட்டினார். ஒரு கை நுழைந்தது, ஒரு கை நுழையவில்லை. அந்தக் கோலத்தில் வாசலை நோக்கி, "இட..." என்று கத்திக்கொண்டு ஓடினார்.

எக்செப்ட் லாவகமாகப் பிடித்தார். வாயில் போட்டார். ஏப்பம் விட்டார்.

"என்னமோ சத்தம் கேட்டுச்சே?" என்றான் ட்ரை.

"சத்தமா? இங்க எப்பவும் அமைதிதான்" என்றார் எக்செப்ட், வாயைத் துடைத்துக்கொண்டு.

வெளியே திரையில் 'முடிந்தது' என்று எழுத்து வந்தது. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு உறைகளில் ஏறினார்கள். கடைசி ஆள் வெறும் வளையத்தைக் காட்டினார். பிரிண்டர் நின்றது. யானைகளின் மூக்கு அருமையாக வந்திருந்தது.

ஃபைனலி துடைப்பத்தோடு வந்தாள். மேசை முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க யாரு?"

"கோமதிநாயகம்."

"எந்த ரூமு?"

"ரூம் குடுக்கல."

"பெறகு ஏன் நிக்கீங்க?"

"யாராவது வந்து இடமில்லன்னு சொல்லுவாங்கன்னு நிக்கேன்."

அவளுக்குக் கூட்டத்தான் தெரியும். அவரையும் சேர்த்துக் கூட்டினாள்.

மறுநாள் உலகம்மாள் தூத்துக்குடிக்குப் போனார். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், தேங்காய். பையில் உறைக் கட்டு. தம்பி வாசலில் நின்று வழிவிட்டார். உலகம்மாள் கூடத்தில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். முதலிலிருந்து கடைசி வரைக்கும் தள்ளினார். கடைசியிலிருந்து முதல் வரைக்கும் தள்ளினார். தம்பி மனைவி காப்பி கொண்டுவந்து வைத்து, அது ஆறி ஆடை கட்டியது. பால்காரர் இருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் இருந்தார். தம்பி பெயர் இல்லை.

"போடச் சொன்னேன்டா. என் கண்ணு முன்னால அடிச்சாரு. கம்ப்யூட்டர்ல போட்டாரு."

கோமதிநாயகம் ஓர் உறையை எடுத்து யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும்க்கா. எடம் இருந்திருக்காது" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் உலகம்மாள் தாங்கியிருப்பார். அப்படிச் சொல்லவில்லை. தாம்பாளத்தை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடைக்கு வந்தார்.

"என் தம்பி பேரு எங்க?"

"அதெல்லாம் சரியா அடிச்சாச்சும்மா. தப்பு இருந்தா கம்ப்யூட்டரே சொல்லும்."

"சொல்லிச்சா?"

"சொல்லல. அப்படின்னா தப்பு இல்லன்னு அர்த்தம்."

"எங்க வீட்லயும் அன்னைக்கு யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார் உலகம்மாள். "தப்பு இல்லன்னா அர்த்தம்?"

திருமலைக்கொழுந்து அவர் கையிலிருந்த கட்டை வாங்கி உறைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார். அப்போதும் குறைந்தது. புரோகிராமைத் திறந்து வரி வரியாக இறங்கிப் போனபோது, எக்செப்ட்டின் கழுத்தில் தொங்கிய அட்டை தெரிந்தது. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்'. அவர் கைப்பட எழுதியது. இரண்டு வருஷத் தூசி.

அவர் முகம் போன போக்கை உலகம்மாள் கவனித்துவிட்டு, வேறு பக்கம் திரும்பாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

திருமலைக்கொழுந்து அட்டையைக் கழற்றினார். அந்த இடத்தில், பிடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எழுதினார். முதலில் 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்று ஆரம்பித்தார். பிறகுதான் யோசித்தார். அறை இல்லை என்று சொல்வதற்கே நாலு அறை கேட்கும் கடிதம் அது. அழித்துவிட்டு இரண்டு வார்த்தையும் ஒரு பெயரும் மட்டும் வைத்தார். கடைசியாக முதல் பக்கத்துக்குப் போய், அழித்த வரியைத் திரும்ப எழுதினார்.

புரோகிராம் மறுபடி ஓடத் தொடங்கினால் உள்ளே எல்லோரும் மறுபடி பிறப்பார்கள். எக்செப்ட் வயிற்றில் இருந்த அண்ணாச்சியும் பிறந்தார். ஒன்றாம் நம்பர் அறையில் ஆணியில் யூனிபார்ம் தொங்கியது. யானையின் மூக்கு நுனி வெளியே தொங்கியது.

"இது அநியாயம்" என்றது யானை.

அண்ணாச்சி படுக்கவில்லை. இந்த முறை யூனிபார்மைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பெயர்கள் வந்தன. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அதன் பின்னால் கோமதிநாயகம்.

"இல்ல" என்றார் மேனேஜர்.

ஒன்றாம் நம்பர் கதவு திறந்தது. அண்ணாச்சி வெளியே வந்தார். இரண்டு கையும் சட்டைக்குள் இருந்தன. கோமதிநாயகத்தின் முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்து, "ஐயா, இப்பம் இடமில்ல. செத்த இருங்க. உள்ள சொல்லிட்டு வாரேன்" என்றார்.

பிறகு வாசலைப் பார்த்துக் கூவினார். அவ்வளவு காலம் படுத்துக் கிடந்த தொண்டை அது. மேன்ஷனே அதிர்ந்தது.

எக்செப்ட் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். கழுத்தில் அட்டை இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, பிடித்த ஆளைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலில் நிறுத்தினார்.

திரையில் எழுத்து வந்தது: 'இடமில்லை. கோமதிநாயகம் நிற்கிறார்.'

உலகம்மாள் அதை இரண்டு முறை வாசித்தார். "நிக்கானா?" என்றார். "அப்பம் யாரையாவது எழுப்புங்க."

"யாரம்மா எழுப்ப? எல்லாரும் வேண்டியவங்க."

"யானைய எழுப்புங்க."

"ஆவுடையப்பன் அண்ணாச்சி திட்டுவாங்களே."

"அவுகள நான் பாத்துக்கிடுதேன்."

ஃபைனலி துடைப்பத்தோடு இருநூறு அறைகளுக்குள் புகுந்தாள். "நான் அலங்காரம்! நான் இல்லாம கல்யாணமா?" என்று இரண்டு யானைகளும் பிளிறின. "மூக்க மடக்கு" என்று அவள் கூட்டிக்கொண்டே போனாள். வால் கடைசியாக வாசலைத் தாண்டியது. பலகையில் இருநூறு சாவிகள் கிலுகிலுத்தன.

"இருக்கு" என்றார் மேனேஜர். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை.

முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது ஆள் தன் கையில் இருந்த வெறும் வளையத்தில் ஒரு சாவியைக் கோத்துக்கொண்டார். நானூறு உறைகளும் யானை இல்லாமல் வந்தன. உலகம்மாள் கடைசி உறையை எடுத்து முந்தானையால் துடைத்தார். அதில் தூசி இல்லை.

அண்ணாச்சி ஒன்றாம் நம்பர் அறைக்குத் திரும்பி, யூனிபார்மைக் கழற்றி மாட்டிவிட்டு மல்லாந்து படுத்தார். வந்திறங்கிய ஓர் உறவுக்காரப் பெயர் திறந்த கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு என்ன வேல பாக்காரு?" என்று மேனேஜரிடம் கேட்டது.

மேனேஜர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பதில் அதில் இல்லை.

கல்யாணத்தன்று கோமதிநாயகம் வந்தார். மனைவி மக்களை முன்னால் அனுப்பிவிட்டு, பெண்ணை வாழ்த்திவிட்டு, சம்பந்தி வீட்டாரோடு நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் பந்திக்குப் போனபோது இலைகள் நிரம்பிவிட்டன. அவர் வரிசைக் கடைசியில் நின்றார். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். ஆவுடையப்பன் பார்த்தார். பார்த்துவிட்டு, சாம்பார் வாளியை எட்டிப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

உலகம்மாள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு வரிசைக்கும் நடுவில் வந்தார். எல்லோரும் இருக்கிற இடத்தில், தம்பி முகத்தைப் பார்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தம்பி, எடம் இல்லடா. அடுத்த பந்தி."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் சிலர் உருட்டிய சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். ஆவுடையப்பன் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

கோமதிநாயகம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதச் சொல்லுததுக்கு ஏழு வருசமாக்கா?" என்றார்.